தேயிலைக் கணக்கும் கணினிக் கல்வியும்

பல்கலைக்கழகக் கணினியியற் பாடத்திட்டம் ஒன்றைக் கையிலெடுத்து நோக்குவோர், முதலிரண்டு ஆண்டுகளின் பாடங்களைக் கடக்கும்வரை பெரிதும் தடுமாறார். செய்நிரல் எழுதுதல், கணிதம், தரவுக் கட்டமைப்பு என்பன ஓரளவு விளங்கக்கூடிய பெயர்கள். மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் வந்ததும் நிலைமை வேறாகிவிடுகிறது. தானியங்கிக் கோட்பாடு, முறைசார் மொழிகள், தொகுப்பி அமைப்பு, பணிசெயல் முறைமைகள், தரவுத்தளம், வலையமைப்பு, முறைமைப் பகுப்பாய்வு, மென்பொருட் பொறியியல், செயற்கை நுண்ணறிவு, பொறிவழிக் கற்றல் என அடுக்கடுக்காக வரும் பெயர்களைப் படிக்கும் ஒருவர், இவை ஆகாயத்திலிருந்து இறங்கிவந்த சாத்திரங்கள் என்றே எண்ணத் தலைப்படுவார்.

நமது மலைநாட்டில் இவ்வெண்ணம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. லிந்துலையிலும் தலவாக்கலையிலும் 'கம்பியூட்டர் படிப்பு' என்றால், தட்டச்சுச் செய்யவும் கடிதம் அமைக்கவும் கணக்குத்தாள் நிரப்பவும் ஆறு மாதத்திற் கற்றுத்தரும் படிப்பு என்றே பெற்றோர் பலர் கருதுகின்றனர். அப்படிப்பு இழிந்ததன்று. ஆனால் அது பிறர் ஆக்கிவைத்த கருவியைக் கையாளப் பழக்குவது. கருவியை ஆக்குவோர் பயிலும் பாடங்கள் மேலே கூறிய அம்மூன்றாம் நான்காம் ஆண்டுப் பாடங்களே. அவை நம் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் வேறு யாருக்கோ உரியவையாகத் தோன்றுகின்றன.

அப்பாடங்களின் வரலாற்றைச் சற்றே கிளறிப் பார்ப்பின், அவை யாருக்கும் அந்நியமானவை அல்ல என்பது புலனாகும். அவற்றுட் சில, தேயிலை வியாபாரியின் களஞ்சியத்திலும் கொழுந்து நிறுத்த பாத்தியிலும் பெண்கள் கோலமிட்ட வாசலிலும் பிறந்தும் வளர்ந்தும் வந்தவை. யான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன், கணினியியற் பட்டதாரியல்லன். ஆயினும் ஒரு கல்வித்துறை எங்ஙனம் தோன்றியது என வினவுவதற்கு அத்துறையின் பட்டம் வேண்டுவதில்லை.

முதலிற் பாடத்திட்டத்தின் பிறப்பை நோக்குவோம். 1953-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் எண்சார் பகுப்பாய்வும் தானியங்கிக் கணிப்பும் என்னும் பொருளில் டிப்ளோமாப் படிப்பொன்றைத் தொடங்கிற்று. கணிப்பொறியைப் பாடமாக வைத்து ஒரு பல்கலைக்கழகம் முறையாகக் கற்பித்த முதற் படிப்பு இதுவே என்பர். 1962-இல் அமெரிக்காவின் பேர்டூ பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித்துறை அமைந்தது. 1963-இல் இந்தியாவில் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்திறங்கியது. அங்கே கணினியியல் கற்பித்தல் விரைந்து வளர்ந்தது.

ஆங்காங்கே அவரவர் விருப்பப்படி கற்பித்துவந்த நிலையை ஒழுங்குபடுத்தியது, அமெரிக்காவின் கணிப்பொறிச் சங்கமாகிய ஏ.சி.எம். 1968-இல் வெளியிட்ட 'பாடத்திட்டம் 68' என்னும் அறிக்கையாகும். அதில் அடிப்படைப் பாடங்கள் நான்கு, இடைநிலைப் பாடங்கள் ஒன்பது, உயர்நிலைப் பாடங்கள் ஒன்பது என 22 பாடங்கள் வகுக்கப்பட்டன. உயர்நிலைப் பாடங்களின் நிரலில் முதலாவது முறைசார் மொழிகள். கடைசியாவது செயற்கை நுண்ணறிவு. இடையே கணிக்கத்தகுமைக் கோட்பாடு, கணினி வரைவியல், தகவலை ஒழுங்குசெய்து மீட்டல், பெருந்தகவல் முறைமைகள் முதலியன நின்றன. இன்று கொழும்பிலோ மொறட்டுவையிலோ நான்காம் ஆண்டில் அமரும் மாணவரின் கையிலுள்ள பாடநிரல், பெயர்களிற் சில மாறியும் புதியன பல புகுந்தும் இருப்பினும், எலும்புக்கூட்டளவில் அந்த 1968-ஆம் ஆண்டு நிரலின் வழித்தோன்றலே.

அவ்வறிக்கையை ஆக்கியோர் பெரும்பாலும் கணிதப் பார்வை உடையவர்கள். ஆகவே அலுவலகத்திலும் களஞ்சியத்திலும் கணிப்பொறி செய்யும் வேலைக்கு அதில் உரிய இடம் அளிக்கப்படவில்லை என்ற குறைகூறல் எழுந்தது. அது நியாயமான குறைகூறலே. அதே 1968-இன் ஒக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரிற் கூடிய மாநாடொன்று, பெரிய செய்நிரல்களை நம்பகமாக ஆக்க முடியாது திணறும் நிலையை ஆராய்ந்து, 'மென்பொருட் பொறியியல்' என்ற பெயரைப் பரப்பியது. ஆனால் அவ்வேலையை எங்ஙனம் செய்வது என்பதை அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே செய்துகாட்டியது ஒரு பல்கலைக்கழகமுமன்று, இராணுவமுமன்று. தேநீர்க்கடை நடத்திய ஒரு கம்பனி.

இலண்டன் பிக்கடிலி வீதியில் 1894-இல் தன் முதல் தேநீர்க்கடையைத் திறந்த ஜே. லயன்ஸ் கம்பனியே அது. (நம் லயன் காம்பராக்களின் பெயரும் இக்கம்பனியின் பெயரும் ஒத்தொலிப்பது தற்செயலே, எனினும் அத்தற்செயல் மனத்தை உறுத்தாமலில்லை.) இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அக்கம்பனிக்கு நூற்றுக்கணக்கிற் கடைகளும், பெரும் வெதுப்பகங்களும், கிரீன்போர்ட்டில் தேயிலை கலந்து பொதிசெய்யும் பெருந்தொழிற்சாலையும் இருந்தன. ஒரு கோப்பைத் தேநீரில் கிடைக்கும் இலாபம் பென்சுக் கணக்கில்தான். நாளொன்றுக்கு விற்கும் கோப்பைகளோ எண்ணற்றவை. ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு சீட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எழுதுவினைஞர். இலாபத்தைக் கணக்கெழுதும் கூலி விழுங்கிவிடாதிருக்க வேண்டுமாயின், கணக்கெழுதும் முறையையே ஆராய்தல் வேண்டும் என்பதைக் கேம்பிரிட்ஜிற் கணிதம் கற்ற ஜோன் சிமன்ஸ் என்னும் அக்கம்பனி அதிகாரி நன்குணர்ந்திருந்தார்.

1947-இல் தொம்சன், ஸ்டாண்டிங்போர்ட் என்னும் இரு அலுவலர்களைக் கம்பனி அமெரிக்காவுக்கு அனுப்பிற்று. அங்கே பிரின்ஸ்டனிற் கோல்ட்ஸ்டைன் என்னும் கணித அறிஞரைச் சந்தித்தபோதுதான், தம் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜில், மொரிஸ் வில்க்ஸ் என்பவர் கணிப்பொறி ஆக்கிக்கொண்டிருக்கும் செய்தியை அவர்கள் அறிந்தனர். ஊருக்குள் இருப்பதைக் கடல்கடந்து கேட்டறியும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்! கம்பனி வில்க்ஸுக்கு 3,000 பவுண் பணமும், தன் அலுவலர் ஒருவரின் உழைப்பும் தந்து உதவிற்று. எட்சாக் எனப்பட்ட அக்கணிப்பொறி 1949 மே 6-ஆம் நாள் முதன்முதலாக ஒரு செய்நிரலை இயக்கியது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு லயன்ஸ் கம்பனி தனக்கென ஆக்கிக்கொண்டதே 'லியோ'. ஏறக்குறைய 6,000 வெற்றிடக் குழாய்களும் பாதரசக் குழாய் நினைவகமும் கொண்ட அப்பெரும்பொறி, 1951 நவம்பரில் வெதுப்பகங்களின் வாராந்த மதிப்பீட்டுக் கணக்கை ஏற்றுக்கொண்டது. உலகில் வணிக நிறுவனமொன்றின் அன்றாட வேலையைத் தொடர்ந்து செய்த முதற் கணிப்பொறி இதுவே. 1954-இல் ஊழியர் சம்பளக் கணக்கும் அதன்மீது ஏறியது. தேர்ந்த எழுதுவினைஞர் ஒருவருக்கு ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட எட்டு நிமிடம் ஆயிற்றாம். லியோவுக்கு ஒன்றரைச் செக்கன்.

இவ்வேகத்தைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடின் வரலாற்றின் உயிர்நாடியைத் தவறவிட்டவர்களாவோம். லியோவின் உண்மையான சாதனை பொறியில் இருந்ததை விட, பொறிக்கு முன் நடந்த வேலையிலேயே இருந்தது. டேவிட் கமினர் என்பவர் அவ்வேலைக்குத் தலைமை தாங்கினார். தேநீர்க்கடைகளுக்கு நாள்தோறும் உணவுப்பண்டங்கள் அனுப்பும் கணக்கை எடுத்துக்கொள்வோம். கடையின் பொறுப்பாளராகிய பெண்மணி நாள்தோறும் தமக்கு வேண்டிய பண்டங்கள் அனைத்தையும் எழுதியனுப்புதல் பழைய வழக்கம். அவ்வழக்கத்தை அப்படியே பொறியில் ஏற்றுதல் எளிது. கமினர் குழுவினர் அங்ஙனம் செய்யவில்லை. கடைக்காரி என்ன செய்கிறார், அவருக்கு எது தொல்லை, எந்த நேரத்தில் அவருக்கு ஓய்வு என்பவற்றை ஆராய்ந்தனர். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் நிலையான கட்டளையொன்றை முன்னரே பதிந்துவைத்து, அதில் ஏற்படும் மாற்றத்தை மட்டும் குறித்த நேரத்திற் தொலைபேசியிற் சொன்னாற் போதும் என முறைமையையே திருப்பியமைத்தனர். தேயிலைக் கலவைக்கான கணக்கும் பின்னர் லியோவில் ஏறியது: எத்தரத் தேயிலை எவ்வளவு இருப்பிலுள்ளது, என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பவற்றை வாங்குவோரும் கலப்போரும் உடனுக்குடன் அறிய அது உதவிற்று.

வேலை செய்பவரைக் கேட்டறிந்து, வேலையின் போக்கை வரைந்து, எங்கே தவறு நேரக்கூடும் என முன்னரே எண்ணி, அதன் பின்னரே செய்நிரல் எழுதும் இம்முறையைத்தான் இன்று மூன்றாம் ஆண்டிலே 'முறைமைப் பகுப்பாய்வு' எனவும் 'தேவைப் பொறியியல்' எனவும் கற்பிக்கிறார்கள். கமினருக்கு இதைக் கற்பித்த பல்கலைக்கழகம் எதுவுமில்லை. அன்று அத்தகைய பாடமே இல்லை. லியோவின் செய்நிரல் எழுதிய மேரி கூம்ஸ் என்னும் பெண்மணி பல்கலைக்கழகத்திற் கற்றது பிரெஞ்சு மொழி. மொழி கற்றோர் இத்துறைக்கு ஆகார் எனக் கூறும் நம்மூர்ப் பெரியோர் இதனைக் கவனிப்பாராக.

இனி, இதே ஆண்டுகளில் மலைநாட்டில் நடந்ததையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949-இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. லியோ இயங்கத் தொடங்கிய 1951-இல், இலங்கைத் தேயிலை இலண்டன் ஏலத்தில் இறாத்தல் இறாத்தலாகக் கணக்கிடப்பட்டது. அதைப் பறித்தவர்கள் வாக்காளர் இடாப்பில் இல்லை. எந்தத் தோட்டத்துப் பெட்டி எந்தக் கலவையிற் சேர்ந்தது எனத் தேட வேண்டியதில்லை. தேயிலை வியாபாரத்தின் கணக்குச் சுமையிலிருந்து ஓர் அறிவுத்துறை கிளைத்ததும், அவ்வியாபாரத்தைத் தாங்கிய மக்கள் எண்ணப்படாதோராய் ஆக்கப்பட்டதும் ஒரே காலத்து நிகழ்ச்சிகள். 1964-இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்களும் எண்ணப்பட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பின்னர் முடிவு செய்வதற்கு 1,50,000. சரக்கைப் பிரிப்பதுபோன்ற அக்கணக்கைப் பற்றி வேறு பலர் எழுதியுள்ளனர். இங்கே அதனை விரிக்கவில்லை.

தோட்டத்துக் கணக்கின் நடுநாயகம் செக்ரோல் என்பதை இவ்வூரில் அறியாதார் இல்லை. நிரைதோறும் ஒரு தொழிலாளி. நிரல்தோறும் ஒரு நாள். பிரட்டுக்களத்திற் பேர் கொடுத்தது முதல் மாலைத் தராசுவரை நடந்த ஒரு முழுநாளின் உழைப்பு, அக்கட்டத்திலே 'பேர்' என்றோ 'அரைப்பேர்' என்றோ சுருங்கிவிடும். பறித்த கொழுந்தின் எடை மலையில் வேறொரு புத்தகத்திற் பதியப்படும். இரண்டும் ஒத்திருந்தாற் சம்பள நாள் அமைதியாகக் கழியும். நிறுவைப் புத்தகம் ஒன்று கூற, செக்ரோல் வேறொன்று கூறினாலோ, கணக்கப்பிள்ளையின் முன் நிற்பவளின் வாய்ச்சொல்லுக்கு எடையில்லை.

இச்சிக்கலை, ஒரே செய்தியை இரண்டு இடங்களில் எழுதிவைப்பதால் வரும் முரண்பாடு எனக் கணினியியலார் வரையறுப்பர். 1970-இல் ஐ.பி.எம். கம்பனியின் ஆய்வாளராகிய எட்கார் கொட், தரவு முழுவதையும் நிரையும் நிரலும் கொண்ட அட்டவணைகளாக வைத்துக் கணித முறையில் வினவலாம் என்னும் கருத்தை முன்வைத்தார். இன்று வங்கிகளிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் இயங்கும் தரவுத்தளங்களிற் பெரும்பாலானவை அவருடைய வழிவந்தவை. ஒரு செய்தி ஓரிடத்திலேயே இருத்தல் வேண்டும். ஓர் அட்டவணை மற்றொன்றைச் சுட்டும்போது, சுட்டப்படுவது உண்மையில் இருத்தல் வேண்டும். பாதிவேலை நடந்து பொறி நின்றுவிடின், நடந்த பாதியும் இல்லாததாகக் கொள்ளப்பட வேண்டும். தரவுத்தளப் பாடத்தின் பெரும்பகுதி இந்நேர்மை விதிகளைப் பற்றியதே. சம்பளச் சீட்டை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, "இந்த மாசம் எனக்கு ரெண்டு பேர் கொறையுது" என்று வாதாடிய தாயின் மகளுக்கு இவ்விதிகளின் தேவையை விளக்கப் பேராசிரியர் அதிகம் பாடுபட வேண்டியிராது.

கணக்குப் புத்தகத்தை விட்டுத் தேயிலை மலைக்கே செல்வோம். 1925-இல் நிறுவப்பட்ட இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம், லிந்துலைக்கு அண்மையில், தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் அமைந்திருக்கிறது. அதன் வாயிலைக் கடந்து நாள்தோறும் செல்வோர் பலர். அந்நிலையத்திற் பணியாற்றிய தோமஸ் ஈடன் என்பவரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. இவர் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்திற் புள்ளியியற் பேரறிஞர் ரொனால்ட் பிஷரோடு சேர்ந்து 1927-இலும் 1929-இலும் ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டவர். தேநீரிற் பால் முந்தியதா, தேநீர் முந்தியதா என்பதைச் சுவையாலேயே அறிவேன் என்ற பெண்மணியிடம் எட்டுக் கோப்பைகளைத் தந்து சோதிக்கும் எடுத்துக்காட்டை 1935-இல் தம் நூலில் எழுதிவைத்தவர் இந்தப் பிஷரே. தேயிலை நிறுவனத்தின் வேதியியலாளராக இலங்கைக்கு வந்த ஈடன், தேயிலை விளைச்சற் சோதனைகளில் நேரும் பிழையளவைப் பற்றி 1931-இல் எழுதினார். ஒரே மலையில் அடுத்தடுத்த பாத்திகளுக்குள்ளும் விளைச்சல் வேறுபடும். அங்ஙனமாயின், ஓர் உரம் உண்மையாகவே பயன் தந்ததா, அன்றி நல்ல பாத்தி அதற்கு வாய்த்துவிட்டதா என எங்ஙனம் துணிவது?

1933-இல் ஈடன், பிராங்க் யேட்ஸ் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் ஒரு வழி காணப்படுகிறது. அங்கே எடுத்துக்கொண்டவை கோதுமைப் பயிரின் அளவுகள். வெவ்வேறு முறைகள் என ஒட்டிய அடையாளங்களுக்குப் பொருளேயில்லை எனக் கொண்டால், அவ்வடையாளங்களை எப்படிக் குலுக்கி மாற்றினும் முடிவு பெரிதும் மாறலாகாது. ஆகவே உண்மையாகவே குலுக்கிப் பார்ப்போம் என்று, 1,000 தடவை அடையாளங்களை மாற்றியடுக்கிக் கணக்கிட்டனர். மின்னணுக் கணிப்பொறி பிறவாத காலத்தில் 1,000 தடவை! இன்று தரவு அறிவியலும் பொறிவழிக் கற்றலும் பயிலும் மாணவர் 'மாற்றியடுக்கற் சோதனை' என்ற பெயரில் அதனை ஒரு கணத்திற் செய்துமுடிப்பர். அதன் மூதாதையருள் ஒருவர் நம் மலையில் நடமாடியவர் என்பதை எந்தப் பாடநூலும் நம் மாணவர்க்குக் கூறுவதில்லை. தேயிலைச் சோதனைகளுக்கு வேண்டிய ஒவ்வோர் எண்ணும், பாத்தி பாத்தியாகக் கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்தவர்களின் கைகளிலிருந்தே வந்தது என்பதையும் எந்த நூலும் கூறுவதில்லை.

உயர்நிலைப் பாடங்களுள் மாணவர் மிகவும் அஞ்சுவது முறைசார் மொழிகளும் தானியங்கிக் கோட்பாடும். விதிகள் சில, அவ்விதிகளைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் விளையும் தொடர்கள் எண்ணிறந்தவை. அத்தொடர்களை ஒரு பொறி எங்ஙனம் இனங்காணும் என்பதே இப்பாடத்தின் வினா. 1950-களில் நோம் சோம்ஸ்கி இலக்கண வகைகளை ஆராய்ந்ததிலிருந்தும், 1960-ஐ ஒட்டி அல்கோல் என்னும் கணினி மொழியின் இலக்கணத்தை ஜோன் பாக்கசும் பீட்டர் நௌரும் குறியீட்டில் எழுதியதிலிருந்தும் இது வளர்ந்தது. இங்கே தமிழருக்கு நேரடியான பங்குண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர், கமலா கிரித்திவாசனோடு சேர்ந்து 1974-இல் கோலத்தையும் அணி இலக்கணத்தையும் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். எழுத்துத் தொடருக்கு இலக்கணம் இருத்தல்போல, புள்ளியிட்டு இழைத்த கோலத்துக்கும் இலக்கணம் வகுக்கலாம். சில விதிகளைக் கொண்டே சிறு கோலத்தைப் பெருங்கோலமாக வளர்க்கலாம் என்பது அவர்கள் காட்டிய வழி. படமொழிகள் பற்றிய ஆராய்ச்சியில் சிரோமணி என்னும் பெயர் இன்றும் உலகளாவ வழங்குகிறது.

பள்ளிக்கூடம் காணாத பெண்கள் பல தலைமுறையாக வாசலில் எழுதிவந்தவற்றை, கல்லூரி அறிஞர் பாடமாகக் கண்டனர். அதற்காக அப்பெண்கள் கணினியியலை அறிந்திருந்தனர் எனக் கூறுவது பொய். 1967-இல் இங்கர்மன் என்னும் அமெரிக்கர், பாக்கசின் குறியீட்டு முறையோடு பாணினியின் பெயரையும் சேர்த்து வழங்கலாம் எனக் கடிதம் எழுதியது முதல், எல்லாம் நம் முன்னோரிடம் அன்றே இருந்தன என முழங்கும் கூட்டம் ஒன்று தோன்றியிருக்கிறது. தொல்காப்பியத்தையும் அவ்வாறே இழுத்துவரும் மேடைப்பேச்சுக்களைக் கேட்டிருக்கிறேன். இலக்கணம் கற்ற மாணவனுக்கு முறைசார் மொழிகள் பாடத்தில் ஓர் அறிமுகமுகம் தென்படும் என்பது உண்மை. அதற்குமேல் அவன் புதிதாக உழைத்தே கற்றல் வேண்டும். பழம்பெருமை பேசி ஒரு தேற்றத்தையும் நிறுவ முடியாது.

இலங்கையிலே இப்பாடங்கள் பட்டப்படிப்பாகியது அண்மைக் காலத்தில். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் கணினி அறிவியல், பொறியியல் துறை 1985-இல் நிறுவப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்திற் புள்ளியியலோடு சேர்ந்து கணினியியலை வளர்த்தவர் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க. அவர் முயற்சியால் 1987-இற் கணினித் தொழில்நுட்ப நிறுவகமும், 2002-இற் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியும் உருவாயின. இவ்வாண்டுகளுக்கு அருகில் மற்றோர் ஆண்டையும் எழுதிவைத்துப் பாருங்கள். இலவசக் கல்வி 1945-இல் நடைமுறைக்கு வந்த பின்னரும், தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977-இல். மொறட்டுவையில் மாணவர் கணினியியலுக்குப் பதிந்துகொண்ட காலத்தில், தோட்டத்துப் பிள்ளை ஓர் ஆசிரியரும் ஒரு மண்டபமும் உள்ள பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றுகொண்டிருந்தது. இன்றும், உயர்தரக் கணிதப் பிரிவை உரிய ஆசிரியரோடு நடத்தும் தமிழ்ப் பாடசாலைகள் தோட்டப்புறத்திற் சிலவே. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படை இருந்தென்ன? அனுமதி கோருவதற்கே முதலில் அப்பிரிவிற் பயின்றிருத்தல் வேண்டுமன்றோ?

2000-இற் கொழும்புப் பல்கலைக்கழகம் தகவல் தொழில்நுட்பத்தில் வெளிவாரிப் பட்டமொன்றைத் தொடங்கியது நன்முயற்சி. பல்கலைக்கழக வகுப்பிற் சேராமலே பரீட்சை எழுதி ஆண்டாண்டாக மேலேறலாம். ஆனால் அங்கும் வாயிலில் ஆங்கிலம் நிற்கிறது. உள்வாரிப் படிப்பின் மொழியும் அதுவே. ஆங்கிலத்தை அகற்றுக என்று யான் கூறவில்லை. உலகத்தின் கணினி நூல்கள் அம்மொழியிலேயே குவிந்திருக்கின்றன. யான் கேட்பது இடைப்படி ஒன்று. 1950-களிலும் 60-களிலும் அரசகரும மொழித் திணைக்களம் பல துறைகளுக்கும் தமிழ்க் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவற்றின் துணையோடு எத்தனையோ பேர் விஞ்ஞானம் கற்றனர். முறைசார் மொழிகளையும் தரவுத்தளத்தையும் பணிசெயல் முறைமையையும் பதினெட்டு வயது மாணவர்க்குத் தமிழில் ஒருமுறை விளக்கும் சிறுநூல்கள் இன்று எத்தனை உள்ளன? தமிழில் ஒருமுறை பொருள் விளங்கியவருக்கு, அதே பொருளை ஆங்கிலத்தில் மறுமுறை சந்திக்கும்போது பாதிப் பயம் கழிந்துவிடும். தமிழ் கற்ற பட்டதாரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும் மலைநாட்டில், கணினி கற்ற இளைஞரோடு நாம் ஒரு மேசையில் அமர்ந்தால் இவ்வேலை நடவாததன்று.

இது ஏட்டுக் கவலை என எவரும் ஒதுக்காதிருக்க, தராசைப் பற்றிச் சில சொற்கள். சில தோட்டங்களிற் கொழுந்து நிறுக்க மின்னணுத் தராசு வந்திருக்கிறது. எடை நேரே பொறியிற் பதிந்து, அங்கிருந்தே சம்பளக் கணக்குக்குச் செல்லும். பழைய தராசில் முள்ளையும் கணக்கப்பிள்ளையின் பென்சிலையும் கண்ணாற் பார்க்கலாம். சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு எனக் குறைத்தெழுதும் வழக்கத்தை எதிர்த்து எத்தனையோ மலைகளில் வாக்குவாதம் எழுந்ததுண்டு. புதிய தராசிற் கழிவு ஒரு செய்நிரலின் ஒரு வரியில் இருக்கக்கூடும். அது எத்தனை கிலோ, மழைநாளுக்கும் வெயில்நாளுக்கும் ஒன்றா, அதை மாற்றும் உரிமை யாருக்கு, மாற்றினால் மாற்றியவரின் பெயர் பதியப்படுமா என்பன அனைத்தும் மூன்றாம் ஆண்டு முறைமைப் பகுப்பாய்வுப் பாடத்தின் வினாக்களே. கையிற் கிடைக்கும் துண்டில் மொத்த எடை, கழிவு, நிகர எடை என்ற மூன்றும் அச்சாக வேண்டுமா, நிகர எடை மட்டும் போதுமா என்பதையும் ஒருவர் ஒரு மேசையிலிருந்து முடிவுசெய்கிறார். லயன்ஸ் கம்பனியில் அம்மேசையிலிருந்தவர்கள், செய்நிரலை எழுதுமுன் தேநீர்க்கடைப் பெண்மணியின் அன்றாட வேலையைக் கேட்டறிந்தார்கள். மலையில் தராசு ஒரு நாளில் மூன்று தடவை வருகிறது; கொழுந்துப் பையை இறக்கிவைத்து வரிசையில் நிற்பவர்களிடம் கேட்டறிய, ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள் கிடைக்கும்.